கித்தார் குடித்த ஸ்பிரிட்

மலாய் நாட்டு அவசரகாலத்தின் கடைசிப் பகுதியில் எங்கள் வீட்டில் எல்லோரும் மாமாவைச் சந்தேகித்தார்கள். ஆனால் ஆளுக்கொரு குற்றத்துக்காகச் சந்தேகித்தார்கள். பக்கத்து வீட்டையும் சேர்த்து எண்ணினால் குற்றங்கள் மூன்று.

நாங்கள் இருந்தது சிடாம் கிரிக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். சுற்றிலும் முள்வேலி, ஒரே கேட். வெளியே போகிறவர்களின் டப்பாக்களைத் திறந்து பார்த்த பிறகுதான் விடுவார்கள். காட்டிலிருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்விடக் கூடாது. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கித் தோட்டத்து லோரி ஓட்டினார்.

ஆஸ்பத்திரி அலமாரியில் ஸ்பிரிட் குறைந்துகொண்டே வந்தது. மாமா அதைத் திருடிக் குடிக்கிறார் என்பது அப்பாவின் சந்தேகம். பக்கத்து டவுனான சுங்கைப் பட்டாணியில் ஒரு பெண் இருக்கிறாள் என்பது அம்மாவின் சந்தேகம். லோரி தாமதமாகத் திரும்பும் நாள்களுக்கு அவருக்கு வேறு காரணம் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அத்தைக்கோ மாமா வாங்கிவந்த காந்தமும் செம்புக் கம்பியும் வெடிகுண்டாகத் தெரிந்தன.

அப்பா என்னைக் கூப்பிட்டு, மாமாவின் வாயை முகர்ந்து வந்து சொல்லச் சொன்னார். அம்மா அவருடைய சட்டையை முகரச் சொன்னார். வாயில் கிராம்பு வாசனை, சட்டையில் டீசல் வாசனை. கூட்டாமல் குறைக்காமல் அவரவரிடம் சொன்னேன். இருவருக்கும் திருப்தியில்லை. கிராம்பு மெல்லுவதே எதையோ மறைக்கத்தான் என்றார் அப்பா. அம்மா, “டீசல் நாத்தம் இல்லாத லோரிக்காரன் எங்கடா இருக்கான்? அதுக்கு அடியில என்ன வாசம்னு பாக்கலியா?” என்று கடிந்துகொண்டார்.

உண்மையில் மாமா மின்சாரக் கித்தார் செய்துகொண்டிருந்தார். லோரிக் கொட்டகைக்குப் பின்னால் வேலை நடந்தது. உடலுக்குப் பலாக்கட்டை. வீணைக்கு ஆகிற மரம் இதற்கு ஆகாதா என்பது அவர் வாதம். காந்தத்துக்குக் கம்பி சுற்றிக் கொடுத்தவர் டவுனில் ரேடியோ பழுது பார்ப்பவர். எல்லாம் முடிந்து நிறம்தான் பாக்கி. பினாங்கில் ஒரு வாத்தியக் கோஷ்டியிடம் பார்த்த சிவப்பு அவருக்கு வேண்டும். மர ரேகைகள் உள்ளிருந்து தெரிகிற சிவப்பு.

தளவாடக் கடையிலிருந்து அவல் போன்ற அரக்குத் துகள் வாங்கி, ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டினார். தேன் போல ஒரு கரைசல். அதில் முதலில் அம்மாவின் குங்குமத்தைக் கலந்தார். குங்குமம் கரையவில்லை. பூசிய இடத்தில் ரேகை முழுவதும் மறைந்து, மரம் கோயில் சுவர் போல நின்றது. சுரண்டி எடுத்துவிட்டு மஞ்சள்தூள் கலந்தார். அது அருமையாகக் கரைந்தது. ஆனால் வெயிலில் வைத்ததும் நாளுக்கு நாள் வெளுத்தது.

“மூடி மறைக்கிறதுக்குப் பேரு பெயிண்டு, மருமவனே. இது கண்ணாடி மாதிரி நிக்கணும். உள்ள இருக்கறது அப்பிடியே தெரியணும்” என்றார்.

பிறகு ஒருநாள் பால் டப்பாவில் கறுத்த சிவப்புக் கட்டிகளைக் கொண்டுவந்தார். ஜெர்னாங் என்றார். காட்டுப் பிரம்பின் பழத்தில் பிடிக்கும் பிசின். கல்லில் நுணுக்கி ஸ்பிரிட்டில் போட்டதும் போத்தலுக்குள் புகைபோல இறங்கியது. வெயிலுக்கு நேரே பிடித்தால் போத்தலுக்கு அந்தப் பக்கம் நின்ற ரப்பர் மரங்கள் சிவப்பாகத் தெரிந்தன. அதைச் சொட்டுச் சொட்டாக அரக்கில் விட்டு, துண்டுப் பலகையில் பூசிப் பார்த்து, மீண்டும் விட்டார். பஞ்சைத் துணியில் முடிந்து, நனைத்து, மெல்லிசாக இழுத்தார். ஒவ்வொரு பூச்சுக்கும் சிவப்பு ஒரு படி இறங்கியது. ஒன்பது பூச்சு. நடுவில் ஒரு மழைநாளில் ஈரம் பிடித்து வெண்மை படர்ந்ததால், மாமா அந்தப் பூச்சை அழித்தார்; விட்ட எண்ணிலிருந்து நான்தான் மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

“எங்க வாங்கினீங்க மாமா?”

“மருந்துக் கடையில.”

பக்கத்து வீட்டு அத்தை தன் வெடிகுண்டை யாரிடம் சொன்னாரோ, ஒரு பிற்பகலில் மலாய் இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு கொட்டகைக்கே வந்துவிட்டார். தொழிலாளர் லயமே திரண்டு நின்றது. கம்பிகளையும் காந்தத்தையும் கித்தாரையும் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. மாமா அதை ரேடியோவில் இணைத்து ஒரு மலாய்ப் பாட்டை வாசித்தும் காட்டினார். ஒரு கான்ஸ்டபிள் தாளம்கூடப் போட்டார். அத்தோடு முடிந்திருக்கும். போகிற போக்கில் இன்ஸ்பெக்டர் பால் டப்பாவைத் திறந்தார்.

முகர்ந்தார். சிரிப்பு போய்விட்டது. ஜெர்னாங் என்று அவரே சொன்னார். இது ரத்தத்தை நிறுத்தும் மருந்து, காட்டுக்குள் போகாமல் கிடைக்காது, காட்டுக்குள் இப்போது போகிறவர்கள் யார் என்று மலாயில் கேட்டார். மாமா கித்தாரைக் கீழே வைத்தார். இப்படிச் சந்தேகத்தின் பேரில் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் விசாரணை இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அது எனக்கே தெரியும். அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா நடந்து வந்தார். ஓடவில்லை.

“அது என்னுடையது, துவான்” என்றார் மலாயில். பால் வெட்டுகிறவர்களுக்குக் கத்திக் காயம் அடிக்கடி படுகிறது, சுங்கைப் பட்டாணி மருந்துக் கடையில் பழைய சரக்கு இருந்தது, வாங்கி வைத்தேன், என் மைத்துனன் கேட்காமல் எடுத்துவிட்டான். இவ்வளவையும் இருமல் மருந்து குடிக்கும் வேளையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் டப்பாவை மூடினார். பிறகு டப்பாவை அவர் கையில் கொடுத்து, மருந்தை மருந்து அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்பா மேல் கோபமாக வந்தது. பொய் சொன்னால் என்னை அடிக்கிறவர், மாமா தேடிப் பிடித்த சிவப்பைத் தனதென்று சொல்லிக்கொண்டார். அந்தப் பெருமையில் பங்கு கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் டப்பாவை வைக்க அப்பா ஆஸ்பத்திரி அலமாரியைத் திறந்தார். மாமா வாசலில் நின்றார். நான் மருந்துப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அரக்கு ஊறுறதுக்கு ஸ்பிரிட்டு. சரி. பூசுறதுக்குப் பஞ்சு. அதும் சரி. ஆறு சுருள் பேண்டேஜும் கொறயுதே, அது எதுக்குடா?” என்றார் அப்பா.

“மச்சான்…”

“சொல்லாத. நான் கேக்கவே இல்ல. காலையில ரயிலு. சிங்கப்பூர்ல என் கூட்டாளி இருக்கான், அங்க போய் வாசி.”

ஆஸ்பத்திரியை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து அம்மா வந்து கத்தினார். “ரெண்டு போத்தல் ஸ்பிரிட்டுக்கா என் கூடப் பொறந்தவன வெரட்டுறீங்க?”

“ஆமா” என்றார் அப்பா.

அப்பா சாகும்வரை அம்மா இதைச் சொல்லிக்காட்டினார். அப்பா ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. காட்டிலிருந்து ஒரு பொருள் வெளியே வந்திருந்தால், அதற்குப் பதிலாக லோரியில் ஏதோ ஒன்று காட்டுக்குள் போயிருக்க வேண்டும். டப்பாவைக் கண்ட கணமே அப்பா இதைக் கணக்குப் போட்டுவிட்டார் என்பது எனக்கு விளங்க எத்தனையோ வருஷம் ஆயிற்று. மாமா அதை அந்தச் சிவப்புக்காகச் செய்தாரா, காட்டிலிருந்தவர்களுக்காகச் செய்தாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை. யோசித்தால் தூக்கம் போகிறது.

மறுநாள் சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனுக்கு நானும் போனேன். அந்தப் பேண்டேஜ் சுருள்கள் கித்தாரைச் சுற்றிக் கட்டத்தான் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். கித்தாரோ அம்மாவின் பழைய சேலையில் சுற்றியிருந்தது. மடிப்பை விலக்கிப் பார்த்தேன். உள்ளே சிவப்புதான் பளபளத்தது, வெள்ளைத் துணி ஓரங்குலம்கூட இல்லை.

“பேண்டேஜு எங்க மாமா?” என்று கேட்டேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, ரயில் இன்னும் வராத தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.