துண்டுக்குள் ஐந்து

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சாரியில் இருந்த ஆஞ்சப்பனின் புளி மண்டியில் தராசு பிடிக்கும் தீர்த்தகிரிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காதலுமில்லை, காய்ச்சலுமில்லை. முதலாளியிடம் சம்பளம் கூட்டிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதுவது சுலபம். கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், தொண்டைக்குள் அந்த வார்த்தை எப்படி முள்ளாகக் குறுக்கே நிற்கும் என்று.

தீர்த்தகிரி மத்திகிரிக்காரன். அப்பா செத்து நாளாகிவிட்டது. அம்மா முனிலட்சுமி அரசாங்கக் கால்நடைப் பண்ணையில் கொட்டில் கூட்டினாள். கீழே இரண்டு தங்கைகள். ஐம்பதுகளின் கடைசி அது. ஓசூர் சேலம் ஜில்லாவின் ஒரு மூலையில் கிடந்தது. காலேஜ் வேண்டுமென்றால் எல்லையைத் தாண்டி பெங்களூருக்குப் போக வேண்டும். அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சாயங்காலம் நடந்த ஒரு காலேஜில் அவன் பி.ஏ. படித்தான். எடுத்திருந்த பாடம் பொருளாதாரம். புரொபசர் கரும்பலகையில் இரண்டு கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, இவை வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கூலி நிர்ணயமாகிறது என்பார். தீர்த்தகிரி நகத்திடுக்கில் புளியோடு அதைக் குறிப்பெடுத்துக்கொள்வான். அந்தக் கோடுகளில் எந்தக் கோடு தான் என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் வந்ததில்லை.

இரண்டு வருஷம் போக்குவரத்துக்குச் செலவே இல்லாமல் ஓடிவிட்டது. மண்டிச் சரக்கை பெங்களூருக்கு ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர் முனிவேல் அவனை மூட்டைகளுக்கு மேலே உட்கார்த்திக் கூட்டிப் போவார், திரும்பும்போது காலி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். தைப் பொங்கல் கழிந்ததும் லாரிச் சொந்தக்காரர் வண்டியைச் சேலம் பக்கம் திருப்பிவிட்டார். முனிவேலும் போய்விட்டார். இனி பஸ்தான். பஸ் கம்பெனியில் காலேஜ் பையன்களுக்கு மாதப் பாஸ் கொடுத்தார்கள். போக ஐந்து ரூபாய், வர ஐந்து ரூபாய். அவன் சம்பளம் அப்படியே அம்மா கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் கை வைத்தால் தங்கைகள் வயிற்றில் கை வைத்த மாதிரி. முதல் மாதப் பாஸை அங்கே இங்கே கைமாற்று வாங்கி எடுத்தாயிற்று. அடுத்த மாதத்துக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் கடைசி வருஷப் பரீட்சை வரை தாக்குப்பிடிக்கலாம். கிடைக்காவிட்டால் காலேஜுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். கேட்டால் வேலையே போய்விடுமோ என்பதுதான் அவன் பயம். முதலாளியின் மச்சினன் மகன் வெங்கடசாமி கெலமங்கலத்திலிருந்து வந்து, வேலையில்லாமல் மண்டி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். தீர்த்தகிரி எடைக்கல்லை எடுக்கும்போதெல்லாம் அவன் கண் கல்லோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

இன்னொரு சிக்கல், எந்த பாஷையில் கேட்பது என்பது. ஓசூரில் பிறந்த எவனுக்கும் நாக்கில் மூன்று பாஷை புரளும். ஆனால் ஆஞ்சப்பன் அவற்றைப் பங்கு பிரித்து வைத்திருந்தார். வியாபாரம் கன்னடத்தில் பேசுவார். வீட்டு ஆட்களையும் மனசுக்கு வேண்டியவர்களையும் தெலுங்கில் திட்டுவார். இல்லை என்று சொல்ல மட்டும் அவருக்குத் தமிழ் வேண்டும். கடன் கேட்டு வந்தவன் எந்த பாஷையில் கேட்டாலும், "அதெல்லாம் ஆவாதுப்பா" என்று சுத்தமான தமிழில் பதில் வரும். தீர்த்தகிரியிடம் அவர் பேசியதெல்லாம் தமிழ்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் ஒத்திகை பார்த்தான். தமிழில் பத்து. கன்னடத்தில் ஹத்து. தெலுங்கில் பதி. எதில் சொன்னாலும் அவன் காதுக்கே அது பேராசையாகக் கேட்டது. எல்லையை ஒட்டிய அத்திபெலெ தாண்டுவதற்குள் பத்து எட்டாகிவிடும், எட்டு ஆறாகிவிடும். பக்கத்துச் சீட்டு ஆள் இவன் வாய் முணுமுணுப்பதைப் பார்த்து மந்திரம் சொல்கிறான் என்று நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தார்.

மண்டியில் புளி தட்டும் செல்லிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் அங்கே ஒரு கொட்டைகூட உருளாது.

"என்னா தம்பி, கல்லு மாத்திப் போடுற. புத்தி எங்க கீது?"

"ஒண்ணுமில்லக்கா."

"கேட்டுரு. புளி வர்ற நேரம் இது. இப்ப உன்ன உட்டா அவருக்குத் தராசு புடிக்க ஆளேது? அந்த ஸ்டூல் ராசாவுக்கு மூட்டைக்கும் மணங்குக்கும் வித்தியாசம் தெரியாது."

"எப்பிடிக்கா கேக்கறது?"

"வாயாலதான்."

அது அவள் சொன்ன நல்ல வார்த்தை. அதை அவன் கேட்டிருக்கலாம்.

அன்று மத்தியானம் வியாபாரிகள் சாப்பிடப் போனார்கள். ஆஞ்சப்பன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தீர்த்தகிரி போய் நின்றான்.

"மொதலாளி, ஒரு விசயம்ங்க."

"சொல்லு."

"பஸ்ஸுக்கு... காலேஜுக்குப் போறதுக்கு... சம்பளத்துல கொஞ்சம்..."

அதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. ஆஞ்சப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, தன் வலது கையின் மேல் போட்டு நீட்டினார்.

"வாயில வர்லன்னா கையில சொல்லு. எத்தன ஏத்தணும்?"

அந்த மண்டியில் விலை எல்லாம் துண்டுக்குள்தான் முடியும். சேலத்துக்காரரும் பெங்களூர்க்காரரும் ஆந்திராக்காரரும் வந்து போகிற இடத்தில் அதுதான் எல்லாருக்கும் பொதுவான பாஷை. துணிக்கு அடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார். ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக் கை என்றால் ஐந்து. பத்து வேண்டுமானால் முழுக் கையை ஒரு தடவை பிடித்துத் தளர்த்தி, மறுபடி பிடிக்க வேண்டும். சுற்றி நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. யார் கை முதலில் துண்டை விட்டு வெளியே வருகிறதோ, அத்தோடு பேரம் முடிந்தது. கடைசியாகப் பிடித்ததுதான் விலை. முடிந்த விலையை மறுபடி பேச வாய் திறக்கிறவனோடு அந்தச் சந்தையில் எவனும் அப்புறம் துண்டு போட மாட்டான்.

இதெல்லாம் தீர்த்தகிரிக்குத் தலைகீழ்ப் பாடம். எத்தனையோ பேரத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். ஆனால் அவன் கை ஒரு நாளும் துண்டுக்குள் போனதில்லை.

போட்டான். முதலாளியின் கை கதகதப்பாக, சொரசொரப்பாக இருந்தது. முழுக் கையையும் பிடித்தான். ஐந்து. மறுபடி பிடிப்பதற்காகத் தளர்த்தினான். அந்த நேரம் பார்த்து ஆஞ்சப்பன் வெற்றிலைக் காரத்தில் 'ம்ஹும்' என்று தொண்டையைக் கனைத்தார். வாசலில் வெங்கடசாமி ஸ்டூலை விட்டு எழுந்தான். தீர்த்தகிரி நெருப்பைத் தொட்டவன் மாதிரி கையை வெளியே இழுத்துக்கொண்டான்.

ஆஞ்சப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"சரி. ஆச்சு."

ஐந்து ரூபாய். போக மட்டும் பஸ். திரும்பி வர நடை.

அன்றைக்குக் காலேஜில் என்ன பாடம் நடந்தது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை வெட்டிப் போட்டுவிடலாம் போல ஆத்திரம் வந்தது. முதலாளி குறைக்கவில்லை, மறுக்கவில்லை, ஒரு விரலைக்கூட மடக்கவில்லை. பாதியிலேயே பாதியாக்கிக்கொண்டது அவன்தான். தன்னை இவ்வளவு மலிவாக விற்க வேறு எதிரி வேண்டியதில்லை என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னான். அவள் ராகிக் களியை உருட்டிக்கொண்டே சொன்னாள். "அஞ்சாவது குடுத்தாரே. மறுபடி போயி நின்னா உள்ளதும் போயிரும்டா. அந்தக் கெலமங்கலத்துப் பையன் வேற வாயத் தொறந்துகினு கீறான்."

அவள் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததாலேயே இன்னும் பயமாக இருந்தது.

பாஸ் எடுக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவனுக்குத் தராசின் முள் ஆடுவதைப் பார்த்தால்கூடப் படபடப்பு வந்தது. துண்டில் முடிந்ததைத் திறந்தால் சந்தையில் பேர் கெடும். திறக்காவிட்டால் படிப்பு கெடும். இரண்டில் எதைக் கெடுப்பது என்று யோசித்தே உடம்பு இளைத்தது. செல்லி மோர் வாங்கிக் கொடுத்தாள். அதுவும் இறங்கவில்லை.

கடைசியில் சம்பள நாள் வந்தது. ராயக்கோட்டை வண்டிகள் வரிசையாக வந்து நிற்க, மண்டி நிறையக் கூட்டம். ஆஞ்சப்பன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவன் முறை வந்தபோது பழைய சம்பளத்தின் மேல் ஓர் ஐந்து ரூபாய் நோட்டை வைத்து நீட்டினார்.

தீர்த்தகிரி கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்தக் கையை நம்ப அவனுக்கு இனி தெம்பில்லை.

"பத்தாதுங்க."

குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. புளி தட்டும் சத்தம் நின்றது. வியாபாரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"துண்டுல முடிஞ்சதுப்பா அது," என்றார் ஆஞ்சப்பன். தமிழில்.

தமிழ் வந்தால் இல்லை என்றுதான் அர்த்தம். வெங்கடசாமி இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றான். ஆனாலும் வாயைத் திறந்தாயிற்று.

"துண்டு சரக்குக்குங்க. புளிக்கு வாயில்ல, அதுக்காக நாம கையில பேசறம். எனக்கு வாயிருக்குதுங்க. அன்னிக்குப் பயத்துல கைய இழுத்துட்டன். எனக்குப் பத்து ரூவா வேணும். அஞ்சு ரூவாய்க்கு பெங்களூருக்குப் போலாம், வர முடியாது. வராட்டி காலையில உங்க தராச யாரு புடிப்பா?"

யாரோ ஒரு வியாபாரி களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்.  ஆஞ்சப்பன் வெற்றிலையை ஓரங்கட்டினார். வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்தார். மச்சினன் மகனைப் பார்த்தார். அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தபோது தீர்த்தகிரிக்கு உயிர் போய் வந்தது. மறுபடி துண்டா? அவர் அதால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் வாயைத் திறந்தார்.

"ஏமிரா, நாகே பேரம் நேர்பிஸ்தாவா? பதி ரூபாயலு தீஸ்கோனி சாவு, போ."

எனக்கே பேரம் கற்றுத் தருகிறாயாடா, பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு ஒழி என்று அர்த்தம். அத்தோடு நிறுத்தவில்லை. அவன் படிப்பை, காலேஜை, வியாபாரிகள் முன்னால் மானத்தை வாங்கிய அவன் வாயை என்று ஒன்று விடாமல் திட்டினார். தன் வீட்டுப் பிள்ளைகளைத் திட்டுவது போலத் தெலுங்கிலேயே திட்டினார். தீர்த்தகிரி தலையைக் குனிந்து நின்று அத்தனையும் கேட்டான். கேட்கக் கேட்க, ஒரு வாரமாக, இல்லை, ஒரு மாதமாக இல்லாத பசி அவனுக்கு எடுத்தது.