அம்மா வெட்டாத இதழ்

இத்தாலியில், வுச்சீரியாச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், ஒரு வங்காள முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கப்பலில் வந்து, இங்கேயே கலியாணம் கட்டி, மனைவியையும் இங்கேயே அடக்கம் செய்தவர். பார்வை போய்விட்டது. நாங்கள் கதைப்பது இத்தாலியனில். அதை எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய அலுமாரியில் வெள்ளைக்காரன் காலத்து வங்காள மாத இதழ்கள் இருந்தன. அந்த நாளில் தாள்கள் மடித்தபடியே, ஓரம் வெட்டாமல் தபாலில் வருமாம். அவருடைய அம்மா கொண்டை ஊசியால் ஓரத்தைப் பிரித்து, தொடர்கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாராம். வேறு யாரும் தொடக்கூடாது. ஒரு கதையில், பூட்டிய மேல்மாடி அறைக்குள் யாரோ நடக்கும் சத்தம். மருமகள் திறப்போடு படியேறுகிறாள். அந்த மாதம் அவ்வளவுதான். அடுத்த இதழ் வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. அதை அவர் பிரிக்கவேயில்லை.

ஒரு மத்தியானம் அந்த இதழை மடியில் வைத்துக்கொண்டு, "உள்ளை ஆர் இருந்தது எண்டு தெரியாமல் நான் போகேலாது. வெட்டு" என்றார்.

குசினிக் கத்தியால் மெதுவாக வெட்டினேன். வாசிக்க, கீழே மரக்கறிக் கடை வைத்திருக்கும் பங்களாதேஷ்காரரைக் கூப்பிட்டேன்.

"கெதியா முடிப்பம். தம்பியைக் கடையிலை விட்டிட்டு வந்தனான், கத்தரிக்காயைச் சும்மா குடுத்துப்போடுவான்" என்று சிரித்தபடி வந்தார்.

முதியவரின் கதிரைக்கு இரண்டு பக்கமும் நின்றோம். கடைக்காரர் வங்காளத்தில் வாசித்து, இடையிடையே எனக்கு இத்தாலியனில் சொல்லிக்கொண்டு போனார். சிறிது நேரத்தில் அவருடைய குரல் தடுமாறியது. அவர் வாசிக்க முந்தியே கிழவரின் உதடுகள் அடுத்த சொல்லைச் சொல்லின.

"தாத்தா, இது உங்களுக்கு மனப்பாடமோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லை. அம்மா வாசிக்கிறா. நீர்தான் பிந்திப் போறீர்."

கத்தியால் அப்போதுதான் பிரித்த தாள்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் மருமகள் பூட்டில் திறப்பைப் போட்டாள். கதை நின்றது. கீழே, காகிதம் கிடைக்காததால் இதழ் இத்துடன் நிறுத்தப்படுகிறது என்று ஓர் அறிவிப்பு.

"அவ்வளவுதான் தாத்தா. பேப்பர் இல்லையாம்" என்றார் கடைக்காரர்.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை. அவரோ கையை உயர்த்தி, "கதையாதையும். அம்மா நிப்பாட்டேல்லை" என்றார்.

தெருச் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அவர் வங்காளத்தில் மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டு போனார், யாரோ சொல்வதைத் திருப்பிச் சொல்வதுபோல. கடைக்காரர் என் காதோடு சொன்னார்:

"கதவு திறந்திட்டுதாம். உள்ளை ஒரு குருட்டுக் கிழவன் கதிரையிலை இருக்கிறானாம். பக்கத்திலை ரெண்டு பேர் நிக்கினமாம். ஒருத்தன்ரை கையிலை கத்தியாம்."

இன்னும் என் கையில் இருந்த கத்தியை மேசையில் வைக்கப் பார்த்தேன். விரல்கள் விடவில்லை.

"அட, நாங்கள்தானோ!" என்று கிழவர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு எங்கள் முதுகுப் பக்கம், கதவை நோக்கி முகத்தைத் திருப்பினார்.

"பாவம், திறப்போடை வாசலிலை நிக்கிறா. உள்ளை வரச் சொல்லு."

திரும்பிப் பார்க்காமல், இத்தாலியனை மறந்து தமிழிலேயே, "வாங்கோ" என்றேன்.