பிரேக் ஃபெயிலாகவில்லை

இன்று காலை ஸ்ரீராம்புரம் பக்கத்து மேம்பால இறக்கத்தில், பெட்ரோலை மிச்சம் பிடிக்க வழக்கம்போல் கார் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தேன்.

"வேணாங்க, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

கீழே ஒரு அம்மா சாலையைக் கடந்தார். பிரேக்கை மிதித்தேன். இன்ஜின் ஓடாததால் அது கல்லாக இறுகியிருந்தது. ஸ்டியரிங்கும் சரியாகத் திரும்பவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்துவதற்குள் அவர் பின்னால் தாவிவிட்டார். அவருடைய செருப்பு ஒன்று சக்கரத்தடியில் கிடந்தது.

திட்டப்போகிறார் என்று கண்ணாடியை இறக்கினேன்.

"பிரேக் ஃபெயிலாய்டுச்சா சார்? ஐயோ, இந்தாங்க, தண்ணி குடிங்க."

"ஆமாம்மா" என்று சொல்லி, அவர் நீட்டிய பாட்டிலையும் வாங்கிக் குடித்தேன்.

மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்படி வண்டியை உருட்டுகிறவர்கள் இங்கே இருந்தால் கை தூக்குங்கள். தனியாக வெட்கப்படுவது கஷ்டமாக இருக்கிறது.