விசில் அடித்தால் ஓடும் நாய்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதை ரேஷன் கடை வரிசையில்கூட எப்படியாவது பேச்சில் கொண்டுவந்துவிடுவேன். பி.எட். முடித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். குழந்தை உளவியலில் நல்ல மதிப்பெண். அதனால் போன மாசியில் பள்ளிக்கூட வேன் ஷெட்டில் பிறந்த ஒரு செவலைக் குட்டியைக் கட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, நாயை எப்படி வளர்ப்பது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

"இன்னாடி இது? மாட்டுக்கே தீனி இல்லாம அல்லாடிக்கினு கீறோம். நீ நாயத் தூக்கினு வர்ற" என்றாள் அம்மா.

"ஒரு வருஷம் டைம் குடும்மா. சொன்னா கேக்குற நாயா ஆக்கிக் காட்டுறேன்."

"நான் சொல்லி நீயே ஒருநாளும் கேட்டதில்ல. நாயி கேக்கப் போவுதா?"

கேட்காவிட்டால் மாமாவிடம் கொடுத்துவிடுவது என்று பேச்சு முடிந்தது. மாமா, அம்மாவின் அண்ணன், எலவனாசூர்கோட்டைப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர். காட்டுப்பன்றி விரட்ட அவருக்கு ஒரு நாய் தேவைப்பட்டது. அவருடைய நாய்கள் பன்றி விரட்டும் நேரம் தவிர சோளக் கொல்லையிலேயே சங்கிலியில் கிடந்து, கொல்லையிலேயே செத்துப்போகும்.

குட்டிக்கு ஒரு பெயர் வைத்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் அது திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஒரு டைம்டேபிள் போட்டுக் கதவில் கீழாக ஒட்டினேன். குட்டி முதலில் கடித்தது அதைத்தான். திங்கள் முதல் புதன் வரை தின்றுவிட்டது.

அப்புறம்தான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். விசில் அடி, பிஸ்கட் கொடு, மறுபடி அடி, மறுபடி கொடு. பிறகு விசில் கேட்டாலே நாய் ஓடிவரும் என்றது. பி.டி. சாரிடம் ஒரு பழைய விசிலை வாங்கிவந்து, சின்னதாக இரண்டு முறை அடித்தேன். ஒரே வாரம். மாட்டுக் கொட்டகையில் இருந்தாலும் வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தாலும், 'பீ பீ' என்றதும் காது பறக்க வந்து காலடியில் உட்கார்ந்தது. ஊரைக் கூட்டிக் காட்டாத குறைதான். பக்கத்து வீட்டு அத்தை, "எம் புள்ளைங்களுக்கும் ஒரு விசிலு வாங்கியாடி" என்று கேட்டாள். அம்மாவைப் பெருமையாகப் பார்த்தேன். அம்மா சாணி அள்ளப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் ஒரு தகவல். கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஓடுகிற பஸ் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரேதான் நிற்கும். எங்களுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. ஆள் ஏறி முடிந்ததும், கிளம்பலாம் என்று டிரைவருக்குச் சொல்ல, கண்டக்டர் சின்னதாக இரண்டு முறை விசில் அடிப்பார். தினமும் அதே பஸ்ஸில் போய்வருகிற எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன?

பழக்குகிற நேரம் போக மற்ற நேரம் கட்டியே கிடந்த குட்டி கொஞ்சம் பெரிதாகி, அதை அவிழ்த்துவிட்ட முதல் நாள் காலை. நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாயிற்று. கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. டிரைவர் போட்ட பிரேக்கில் ஒரு தக்காளிக் கூடை முன்வாசல் வரை உருண்டது.

"யாரூட்டு நாயி இது?" என்று டிரைவர் கத்தினார்.

நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். நாய் படியில் முன்கால் வைத்து, கண்டக்டரிடம் பிஸ்கட் கேட்டது. அவர் தரவில்லை. அது சுற்றிலும் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து, சந்தோஷமாகக் குரைத்தது.

"டீச்சர், உங்களத்தான் கூப்புடுது" என்றார் கண்டக்டர். "இன்னா, அதுக்கும் பாஸ் எடுத்துட்டீங்களா?"

மறுநாள் அவரிடம், விசிலுக்குப் பதில் 'ரைட்' என்று வாயால் சொல்ல முடியுமா என்று கேட்டேன். ஒரு பட்டதாரி இப்படிக் கேட்பாளா என்று நீங்கள் நினைப்பது சரிதான்.

"இந்தக் கூட்டத்துல நான் வாயால கத்துனா டிரைவருக்கு எங்கங்க கேக்கும்? உங்க விசில மாத்திக்குங்க டீச்சர்."

மாற்றினேன். விசிலை ஒளித்துவைத்துவிட்டுக் கை தட்டிக் கூப்பிட்டேன். கை தட்டினால் வரவில்லை. பஸ் விசிலுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. கயிற்றில் கட்டினால் கடித்துப் போட்டது. சங்கிலியில் கட்டினால், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கழுத்து இறுகி நாக்குத் தள்ளுகிற வரை இழுத்தது. பார்க்கச் சகிக்காமல் அம்மாவே அவிழ்த்துவிடுவாள்.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. பஸ்ஸின் பின்சக்கரம் நாயின் வாலை நசுக்கிவிட்டுப் போனது. அது கத்திய கத்தலுக்கு மேல் அம்மா கத்தினாள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, நேராகப் போய் மாமாவுக்குப் போன் போட்டாள். பொங்கலுக்குச் சீர் கொண்டுவரும்போது நாயைக் கூட்டிப் போகச் சொன்னாள்.

"அம்மா, அங்க சங்கிலியிலயே கெடக்கும்மா."

"கெடக்கட்டும். எங் கண்ணு முன்னால பஸ்ஸுல அடிபட்டுச் சாவறத நான் பாக்க முடியாது. எங்கனா உசுரோட இருந்தா போதும்."

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். டீச்சர் அழுவது வெளியே கேட்கக் கூடாது.

விசிலை அதன் மண்டையிலிருந்து அழிக்க முடியாது. ஓடுகிற திசையையாவது மாற்றலாம் என்று அப்புறம் தோன்றியது. பஸ் வருகிற நேரம் பார்த்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்வேன். விசில் கேட்டதும் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு இழுத்துக்கொண்டு போவேன். அங்கே பிஸ்கட் இல்லை, கருவாடு. நான் பள்ளிக்கூடம் போன நேரத்து பஸ்களுக்கு அம்மா இழுத்தாள். "எனக்கு மாமியாரு இல்லாத கொறைய நீ தீத்து வெக்கிற" என்று திட்டிக்கொண்டேதான் இழுத்தாள். முதலில் நாங்கள் அதை இழுத்தோம். மார்கழியில் அது எங்களை இழுத்தது. அப்புறம் சங்கிலியே வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் மாமா வந்தார். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, அம்மாவுக்குப் புடவை, கூடவே ஒரு புதுச் சங்கிலி. நாய் அவர் கையை முகர்ந்தது. அவர் அதன் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல நெஞ்சு. பன்னிய ஒரே புடியா புடிச்சிருவான்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு கரும்பைப் பிரித்தாள். போன் போட்டவள் அவள். சீர் கொண்டுவந்த அண்ணனிடம் இப்போது எப்படி இல்லை என்பாள்?

அப்போது மலைக்குப் போகிற பஸ் வந்து நின்றது. பீ பீ. நாய் காதை மடக்கிக்கொண்டு, மாமாவின் கால்களுக்கு இடையில் புகுந்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் பறந்தது.

மாமா சங்கிலியோடு நின்றார். "இன்னாது இது? பஸ்ஸு சத்தத்துக்கே இந்த ஓட்டம் ஓடுது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஆமாண்ணே" என்றாள் அம்மா. "பயம் ரொம்ப ஜாஸ்தி. ஒரு வெடி வெடிச்சா சோறு துன்னாது."

"படிச்ச பொண்ணு ஒரு வருஷமா வளத்த நாயி இதானா?" மாமா என்னிடம் திரும்பினார். "நாய்க்கு இன்னாம்மா சொல்லிக் குடுத்த நீ?"

எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். விசில், பிஸ்கட், துவைக்கிற கல், நான் போட்ட திட்டம், அது ஜெயித்தது. தொண்டை வரை வந்தது. சொன்னால் அவருக்கு அது நல்ல நாய் என்று தெரிந்துவிடும்.

"எனக்கு நாய் வளக்கத் தெரியல மாமா" என்றேன்.

என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. மாமா சிரித்துவிட்டு, சங்கிலியை வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். எலவனாசூர்கோட்டையில் இந்தக் கதை இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். அத்தை வீட்டு நாய் அத்தையின் பிள்ளைகளைப் பார்த்து ஓடிவருகிறது. எங்கள் நாயும் வாசலில் என்னைப் பார்த்து எழுந்து வாலை ஆட்டுகிறது. அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் விசில் அடிக்கிறார். அது திரும்பி, ஒரே ஓட்டமாகப் பின்பக்கம் போய்விடுகிறது.

"இன்னா டீச்சர், உங்களப் பாத்தா அப்பிடிப் பயப்புடுது?" என்கிறார் அவர், படியில் நின்றபடி.

நான் பையைக்கூட இறக்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிறேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, கருவாட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு.