காற்றுக்குக் கூலி

எங்கள் தீவில் பயணக்கூலியைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வள்ளம் ஏறுகிறவன் முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பான். பின்காற்று என்றால் பாயே இழுத்துக்கொண்டு போகும், கூலி குறைவு. எதிர்க்காற்று என்றால் வள்ளக்காரர் தண்டு வலித்து மாயவேண்டும், கூலி ஏறும். அந்தக் கணக்கில் என்னை வெல்ல ஊரில் ஆளில்லை என்று எனக்கு ஒரு கொழுப்பு இருந்தது.

ஓர் ஆடி மாதம் கொழும்பில் சுருட்டுக்கடை வைத்திருந்த மருமகன் கடிதம் போட்டார். என் மூத்த மகளுக்கு ஆவணிக் கடைசியில் பிள்ளை பிறக்கும். தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறப்பதுதான் முறை, ஆனால் அவளை வள்ளத்தில் ஏற்றக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார், ஆகையால் மாமியைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ என்று எழுதியிருந்தார். என் மனைவி அன்றைக்கே பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துச் சரக்கை இடித்துப் பொட்டலம் கட்டிவிட்டாள்.

நான்தான் தடுத்தேன். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை கொழும்புக்கு ஓடும் ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், ஏறியதில்லை. ஆடியில் சோளகக் காற்று தெற்கிலிருந்து அள்ளி வீசும். கொழும்போ தெற்கே. அவ்வளவு தூரமும் எதிர்க்காற்று.

"இப்ப போனால் கோச்சிக்காரர் இரட்டிப்பாய்க் கேப்பினம். சோளகம் விழட்டும்," என்றேன்.

"கோச்சிக்கும் காத்தோ?"

"கடல் தெரியாதவள் மாதிரிக் கதையாதை. ஓடுற சாமான் எல்லாத்துக்கும் காத்து இருக்கு."

கோச்சி ஏறியவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள். கேட்டிருக்கலாம். மற்றவர்கள் என்னிடம் காற்றுக் கேட்க வருவார்கள், நான் போய் இன்னொருவனிடம் கேட்பதா என்று இருந்துவிட்டேன். ஆவணி நடுவில் சோளகம் விழும் என்று அடித்துச் சொன்னேன். அந்த வருடம் அது புரட்டாதி வரைக்கும் நின்று வீசியது.

அதற்குள் அடுத்த கடிதம் வந்துவிட்டது. பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். இரண்டு நாள் நோவில் கிடந்து அம்மா, அம்மா என்று கத்தினாளாம். நான் வாசிக்க, என் மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள்.

காற்று விழுந்த பிறகுதான் புறப்பட்டோம். யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் ரிக்கற் கொடுக்கும் யன்னலுக்குள் ஓர் இளம்பொடியன் இருந்தான்.

"தம்பி, கொழும்புக்கு ஆகக் குறைஞ்ச கூலி எது?"

"மூண்டாம் வகுப்பு, ஐயா. போக வர ஒண்டாய் எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும்."

"நாவற்குழி ஸ்ரேசனுக்கு நடந்துபோய் ஏறினால்?"

"சில சதம்தான் குறையும்."

"சரி. காத்து விழுந்திட்டுதே, அதுக்கு என்ன குறைப்பீர்?"

அவன் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். வள்ளக் கணக்கை விளங்கப்படுத்தினேன். நல்ல வீட்டுப் பிள்ளை, சிரிக்கவில்லை.

"சோளகமெண்டாலும் வாடையெண்டாலும் ஒரே காசுதான், ஐயா. அந்தப் பலகையைப் பாருங்கோ."

பார்த்தேன். ஒவ்வொரு ஊர்ப்பெயருக்கும் நேரே கூலி பெயின்ரால் எழுதியிருந்தது. எனக்குப் புல்லரித்தது. காற்றுக்குப் பயந்தவன் கூலியைப் பெயின்ரால் எழுதமாட்டான். காற்றைக் கணக்கிலேயே எடுக்காத ஒரு சாமான் இந்த உலகத்தில் ஓடுகிறது என்பதை நம்ப முடியாமல் வாய் பிளந்து நின்றேன்.

என் மனைவி யன்னலுக்குக் கிட்ட வந்தாள்.

"ஆடியிலையும் இந்தக் காசுதானோ, தம்பி?"

"ஓம், அம்மா. வருசம் முழுக்க இதுதான்."

அவள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் அங்கே கிடந்த மரவாங்கில் உட்கார்ந்தாள்.

கோச்சி வந்தபோது நிலம் அதிர்ந்தது, நான் இரண்டடி பின்னுக்குப் போனேன். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர். மிச்சமிருந்த சோளகம் யன்னலால் வந்து முகத்தில் அடித்தது. கடலில் என்றால் அந்தக் காற்றுக்குப் பாயை இறக்கியிருப்போம். இந்த இரும்பு ஒரு சாண்கூடப் பின்வாங்காமல் அதற்குள்ளே போய்க்கொண்டிருந்தது. கடவுளே என்று கைகூப்பலாம் போலிருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"இஞ்சை பார், காத்துக்கு எதிராய்ப் போகுது!" என்று அவளைத் தட்டினேன்.

அவள் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்கடை பிள்ளை நோவிலை கத்தேக்குள்ளை ஆருடைய கையைப் பிடிச்சிருப்பாள்?"