ஆளில்லாத ஜீப்பைப் பற்றி ஐந்து கேள்விகள்

படம் எடுக்க ஒரு கேமரா போதும், எடுத்ததைப் போட்டுக் காட்டி, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்கத்தான் தோல் தடித்திருக்க வேண்டும். நோட்டும் பேனாவுமாக அபிப்பிராயம் கேட்டு அலைந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

எண்பதுகளின் தொடக்கம். போடியில் நாங்கள் கல்லூரியின் கடைசி வருடத்தில் இருந்தோம். மதுரையில் ஸ்டூடியோ வைத்திருந்த மாமாவிடம் என் நண்பன் செல்வராஜ் ஒரு சின்னக் கேமராவும் புரொஜக்டரும் இரவல் வாங்கி வந்தான். ஒரு மர்மப் படத்தின் தொடக்கத்தை எடுத்தோம். மூடுபனி. மலைப்பாதையில் வகுப்புத் தோழி வசந்தா நடக்கிறாள். பின்னால் ஒரு ஜீப் வந்து நிற்கிறது. திரும்பிப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லை. மொத்தம் மூன்று நிமிடம், சத்தம் கிடையாது.

கையில் இன்னும் ஒரே ஒரு ஃபிலிம் சுருள்தான் இருந்தது. அதில் கதையைத் தொடர்வதா, தொடக்கத்தையே திருத்தி எடுப்பதா? “படம் பாக்கப்போறது ஊரு. ஊரையே கேட்ருவோம்” என்றான் செல்வராஜ். கேட்கும் சோலி என் தலையில் விழுந்தது. ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

கிடங்கில் சிரிப்பு

முதலில் ஏலக்காய்க் கிடங்கு. காய் தரம் பிரிக்கும் பெண்கள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சன்னல்களைச் சாத்தி, சுவரில் படத்தை ஓட்டினோம். வசந்தா பயந்து திரும்பும் இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வராஜின் முகம் கறுத்துவிட்டது.

நான் முதல் கேள்வியைத் தொடங்குமுன்பே, மலையில் பல வருடம் காய் பறித்த பேச்சியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஏந்தம்பி, மழ பேஞ்ச காட்டுல, அட்டை கடிக்கிற எடத்துல, எந்தப் பொம்பள காலப் பாக்காம வானத்தப் பாத்து நடப்பா?”

மோட்டார் ரூமில் நூற்றுக்கு நூறு

பக்கத்து ஊர் ராசிங்காபுரத்தில் செல்வராஜின் சித்தப்பா தோட்டத்து மோட்டார் ரூமில் ஓட்டினோம். அவர் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, ஐந்து கேள்விக்கும் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்று நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் எங்கள் பெயர்களையே ஓட்டியிருந்தோம் என்பது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் உறைத்தது: “எல்லாம் சரி அப்பு, படத்த எப்ப ஆரம்பிப்பீக?”

டிரைவரின் பயம்

ஜீப் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையின் பின்கட்டில் மூக்கையா அண்ணன் பார்த்தார். தினமும் போடிமெட்டு மலை வளைவுகளில் ஆள் ஏற்றிப் போகிறவர். ஆளில்லாத ஜீப்பைக் கண்டதும் அவர் உடம்பு விறைத்தது. அப்பாடா, ஒருத்தராவது பயந்தாரே என்று, “எதுண்ணே பயமா இருந்துச்சு?” என்றேன்.

“ஏத்தத்துல நிறுத்திட்டு, டயருக்கு அடியில கல்லு வைக்காம எறங்கிப் போயிருக்கானே, அவன நெனச்சாத்தாண்டா பயமா இருக்கு!”

எழுந்து போனவர்

கடைசியாக மலைக்கு மேலே ஓர் எஸ்டேட். ஆபீஸ் பின்னறையில் படம் ஓடும்போதே மாரியம்மாள் என்ற தொழிலாளி எழுந்து வெளியே போய்விட்டார். என்ன தப்பு செய்தோமோ என்று பதறிப் பின்னாலேயே போனேன். ஏலச்செடிகளின் ஓரத்தில் நின்றிருந்தார்.

முந்தின மழைக்காலத்தில், விறகுக்குப் போன அவர் கணவர் திரும்பவில்லையாம். மலையில் மஞ்சு என்று சொல்லும் மூடுபனிக்குள் இவர் தனியாகத் தேடிப் போயிருக்கிறார். கால் முறிந்து ஓடையோரம் கிடந்தவரை, பாதி நாள் அலைந்து கண்டுபிடித்திருக்கிறார். கணவர் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாராம். ஐந்து கேள்வி எழுதிய நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவராகவே சொன்னார்: “ஜீப்பெல்லாம் பயமில்ல தம்பி. மஞ்சுக்குள்ள நின்னு பேரச் சொல்லிக் கூப்புடுறோம் பாரு, பதிலே வராது. அதான் பயம்.”

இறங்கி வரும்போது பஸ்சில் இதைச் செல்வராஜிடம் சொன்னேன். ஊர் வந்ததும் சொன்னான்: “நம்ம படத்துல சத்தம் இல்லாதது நல்லதாப் போச்சுடா.”

விழா மண்டபம்

மிச்சமிருந்த சுருளில் தொடக்கத்தையே திரும்ப எடுத்தோம். வசந்தா காலைப் பார்த்து நடந்தாள். சக்கரத்தடியிலிருந்து ஒரு கல் தானாக நகர்ந்தது. பிறகு அவள் பனியைப் பார்த்து யாரையோ கூப்பிட்டாள்; வாய் அசைந்தது, சத்தம் இல்லை. எங்கள் பெயர்களுக்குப் பத்து வினாடிதான்.

கல்லூரி விழாவன்று மண்டபக் கதவுகளைச் சாத்தி ஓட்டினோம். மகள் நடித்ததில் கோபித்து ஒரு வாரமாக அவளோடு பேசாமல் இருந்த வசந்தாவின் அம்மாவும், யார் சொல்லியோ வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் வசந்தா மறுபடி கூப்பிட்டாள். அப்போது இருட்டுக்குள் இருந்து ஒரு குரல் உடைந்து வந்தது: “ஆத்தா வசந்தா, அங்கிட்டுப் போகாதத்தா, அம்மா இங்கெதான் இருக்கேன்!”

மீதிப் படத்துக்குச் சுருளும் கிடைக்கவில்லை, கதையும் கிடைக்கவில்லை. பார்த்து அபிப்பிராயம் சொல்லக் கிடைத்த ஜனங்களோ, இவ்வளவு சுமாரான படத்துக்கு ரொம்பவே அதிகம்.