ஒரு தரம்தான் கேட்பாள்

அது நீள்வட்டமான வெள்ளைத் தட்டு. விளிம்பைச் சுற்றி நீலப் பூக்கள் ஓடும். ஓரிடத்தில் சிறிய உடைவு இருக்கும். மனோர் பார்க்கில் மாமா வீட்டுக்கு யார் போனாலும் மாமி பொரித்த மட்டன் ரோல்கள் அதில்தான் வரும். பேச்சோடு பேச்சாக எல்லாம் தீர்ந்து, கடைசியில் ஒன்று மட்டும் நடுவில் கிடக்கும். அதை யாரும் தொடமாட்டார்கள். அப்பா மாமாவை எடுக்கச் சொல்வார், மாமா அம்மாவைச் சொல்வார், அம்மா என்னைக் கைகாட்டுவார், நான் வயிறு நிறைந்துவிட்டது என்பேன். வயிறு நிறைந்திருக்காது. உபசாரம் ஒரு சுற்று வந்து முடிவதற்குள் மாமாவின் மகள் கையை நீட்டி எடுத்துக் கடித்துவிடுவாள். "ஒருத்தருக்கும் வேண்டாமெண்டால் எனக்கு வேணும்" என்பாள், வாயில் ரோலோடு. எங்களுக்கு அப்போது பத்துப் பதினொரு வயதிருக்கும். திரும்பி வரும்போது காரில் அம்மாவுக்கு அதுதான் பேச்சு. இப்படிப்பட்ட பிள்ளையை நாளைக்கு எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். அவளைவிட நான் இரண்டு மாதம் மூப்பு; நல்ல பிள்ளை என்ற பட்டமும் எனக்குத்தான். போகிற வீட்டில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் முதலில் இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லவேண்டும். இரண்டாம் தரம் கேட்டால் உங்களுக்கு ஏன் கரைச்சல் என்று சொல்லவேண்டும். மூன்றாம் தரம் அரைக்கோப்பைக்குச் சம்மதிக்கலாம். இதை யாரும் இருத்திவைத்துச் சொல்லித் தரவில்லை; எப்படியோ ஊறிவிட்டது. ஆனால் மச்சாளிடம் இந்தப் பருப்பு வேகாது. அவள் தட்டை நீட்டி "வேணுமோ?" என்று ஒரே ஒரு தரம் கேட்பாள். வேண்டாம் என்றால் தட்டு போய்விடும். அவள் கையால் நான் இழந்த ரோல்கள் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு பேரும் சட்டம் படித்தோம், வேறு வேறு பல்கலைக்கழகங்களில். இரண்டாம் வருடக் குளிர்காலம் முழுவதும் மாமியின் சாப்பாட்டு மேசையில் இரண்டு கணினிகளைத் திறந்துவைத்து, நகரத்தின் பெரிய சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு வேண்டியிருந்தது வெக்கேஷன் ஸ்கீம். பெயரில்தான் விடுமுறை, கோடையில் இரண்டு வாரம் நிறுவனத்தில் இருத்தி எங்களை எடைபோட்டுப் பார்க்கிற ஏற்பாடு அது. அவர்களுக்குப் பிடித்தால் ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் தருவார்கள். அந்த இரண்டு வருடப் பயிற்சி இல்லாமல் சொலிசிட்டர் ஆவது அப்போது லேசில் நடக்கிற காரியமில்லை. எங்கள் நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். ஒரே பதிலை ஆடை மாற்றி மாற்றி அனுப்பினோம். மறுப்புகள் வந்தபடி இருந்தன. பங்குனி முடிகிற நேரம் எனக்கு ஓரிடம் கிடைத்தது. அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "எரிச்சலாத்தான் இருக்கு மச்சாள். ரெண்டு நாள் என்னோடை கதைக்காதை" என்று தொலைபேசியில் சொன்னாள். மூன்றாம் நாள் வந்து, நேர்த்தியான கறுப்புக் கோட்டு வாங்க என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளைப் போல எரிச்சலை வாய்விட்டுச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறவர்கள் எங்கள் குடும்பத்தில் வேறு யாருமில்லை.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போன முதல் வாரத்தில் நான் ராப்பகலாக உழைத்தேன். எனக்குப் பொறுப்பாயிருந்த பார்ட்னர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆங்கிலேயப் பெண்மணி. திங்கட்கிழமை மதியம், கட்சிக்காரரைச் சந்திக்கப் போகிறேன், விருப்பமென்றால் நீயும் வரலாம் என்றார். உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கும், பரவாயில்லை என்றேன். சரி என்று புறப்பட்டுவிட்டார். அடுத்த மேசையில் இருந்த பையன் அவருக்குப் பின்னால் ஓடினான். புதன்கிழமை நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டார். கையில் வேலை இருக்கிறது என்றேன். அவர் இன்னொரு தரம் கேட்பார் என்று பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தேன். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை என்னை அறைக்குள் கூப்பிட்டு, எழுத்து வேலை மிக நன்றாக இருக்கிறது, ஆனால் உனக்கு இங்கே வர விருப்பம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை, விருப்பமில்லாத ஒருவருக்கு எங்களால் இடம் கொடுக்க முடியாது என்று இதமாகச் சொன்னார். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறியதிலிருந்து மனோர் பார்க் வரும்வரைக்கும் அழுதேன்.

மச்சாள் முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. தனக்குக் கிடைக்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாள். அது சுருக்கென்று தைத்தது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் காரில் ஏற்றி, பக்கத்து ஊரான பார்க்கிங்கில் இருக்கிற சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கூட்டிப்போனாள். ஒரே ஒரு நிபந்தனை. எது தந்தாலும், கேட்ட முதல் தரமே நான் மறுக்காமல் ஓம் சொல்லவேண்டும். முதல் வீட்டில் நாக்குப் புரளவில்லை. மேசைக்குக் கீழே அவள் என் காலை மிதித்தபிறகுதான் ஓம் வந்தது. இரண்டாவது வீடு பெரியம்மாவுடையது. சாப்பிட்டிட்டுப் போறியோ பிள்ளை என்று கேட்டார். ஓம் பெரியம்மா, நல்ல பசி என்றேன். பெரியம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். என்ன நினைக்கப் போகிறாரோ என்று எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இவ்வளவு நாளும் உனக்கு என்ரை சமையல் பிடிக்கேல்லை எண்டெல்லோ நினைச்சனான்" என்றார்.

இரண்டு தரம் புட்டுப் போட்டார். மீன் குழம்பை வீட்டுக்கும் கட்டித் தந்தார். நான் மரியாதை என்று நினைத்துச் செய்துவந்தது, அதே மரியாதையில் வளர்ந்த பெரியம்மாவையே இத்தனை காலம் நோகடித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது மச்சாள் காரை ஊர்ந்து ஊர்ந்துதான் ஓட்டினாள். நாலு வீட்டுச் சாப்பாடு அவளுக்கும் கூடிப்போயிருந்தது.

இரண்டாம் வாரம் கேட்டதற்கெல்லாம் ஓம் என்றேன். நீதிமன்றம், கூட்டம், மதியச் சாப்பாடு, ஒருநாள் எனக்கு ஒரு மண்ணும் விளங்காத வரிச் சட்ட உரை, எதையும் விடவில்லை. பார்ட்னர் என்னைக் கொஞ்சம் வியப்பாகப் பார்த்தார், ஆனால் தொடர்ந்து கூப்பிட்டார். ஆவணியில் மாமியின் சமையலறையில் நாங்கள் ரோல் சுற்றிக்கொண்டிருந்தபோது பார்ட்னருடைய அழைப்பு வந்தது. என் கையெல்லாம் முட்டையும் ரஸ்க் தூளும். மச்சாள் தொலைபேசியை என் காதில் பிடித்தாள். உனக்கு ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் தர விரும்புகிறோம், ஆறுதலாக யோசித்துச் சொல் என்றார் பார்ட்னர். அவர் முடிக்கமுன்னமே நான் ஓம் என்றேன். என்ன சொன்னாய் என்று அந்தப் பக்கம் கேட்டார். மச்சாள் என் முழங்கையில் கிள்ளி, "இங்கிலீஷில சொல்லடி" என்றாள்.

அவளுக்கு அடுத்த வருடமும் இடம் கிடைக்கவில்லை. குடிவரவு வழக்குகள் பார்க்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, அந்த வேலை அனுபவத்தைக் கொண்டே பரீட்சை எழுதிச் சொலிசிட்டர் ஆனாள். இன்றைக்குப் பார்க்கிங் ஊரில் அவள் பெயரில் ஓர் அலுவலகம் இருக்கிறது. கதிரை கிடைக்காமல் சனம் வாசலில் நிற்கிறது. நான் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறேன். இந்தக் கோடையில் ஸ்கீமுக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை. நீதிமன்ற விசாரணைக்கு வருகிறாயா என்று கேட்டேன். இல்லை, உங்களுக்கு இடைஞ்சல் என்றாள். வாசல்வரைக்கும் போன நான் திரும்பி வந்து, உண்மையாகவே வேண்டாமா என்று கேட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழும்பிய வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்கே மச்சாளுக்குச் சொன்னேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு தரம்தான் கேக்கவேணும். அப்பதான் பழகுவினம்" என்றாள். கேட்கிறவர்கள் இரண்டு தரம் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றேன் நான். சட்டம் படித்த இரண்டு பேர் இதை எவ்வளவு நேரம் வாதாடலாமோ அவ்வளவு நேரம் வாதாடினோம். தீர்ப்பு வரவில்லை. அவள் அன்றைக்கு என் காலை மிதித்திராவிட்டால் நான் கேட்கிறவர்கள் பக்கம் நின்று வாதாடியே இருக்கமாட்டேன் என்பதை அவள் சொல்லிக்காட்டவில்லை. எனக்கு அது தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

போன ஞாயிறு மாமா வீட்டுக்குப் போனேன். மாமிக்கு இப்போது நின்று சமைக்க ஏலாது. கதிரையில் இருந்தபடி மகள் பொரிப்பதில் குற்றம் கண்டுபிடிக்கிறார். அதே தட்டு, அதே உடைவு. கதையோடு கதையாக எல்லாம் தீர்ந்து ஒரு ரோல் மிஞ்சியது. மச்சாள் தட்டை என் பக்கம் நீட்டினாள். "வேணுமோ?"

வேண்டாம் என்றேன். இரண்டாம் தரம் கேட்கிறாளா பார்க்க வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன், அது அவளுக்கும் விளங்கிவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள். கதவடியில் நின்றாள். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து, தட்டை மறுபடி நீட்டினாள்.

"உண்மையாவே வேண்டாமோ?"

மாமிகூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். நான் கையை நீட்டப் பார்த்தேன். ஆனால் சின்ன வயதில் ஊறியது எங்கே போகும்? "உனக்கு ஏன் கரைச்சல்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மச்சாள் ரோலை எடுத்துக் கடித்தாள். "ரெண்டு தரம் எண்டுதானே சொன்னனீ. கேட்டிட்டன்" என்றாள், வாயில் ரோலோடு.

எனக்கு அந்த ரோல் உண்மையாகவே வேண்டியிருந்தது.